"பெரிய ஆளு எழுதின கோட்ல தப்பு இருக்குன்னு நான் போய் சொல்லலாமா?"

இந்த வாரம் வந்த கடிதம் கொஞ்சம் நீளம், அதனால சுருக்கி குடுக்கறேன். எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சிடக்கூடாதுன்னு ஊரு, கம்பெனி, சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

வாசகிக்கு வயசு 31. ஒரு சர்வீஸ் கம்பெனியில ஏழு வருஷமா டிபிஏ (டேட்டாபேஸை பார்த்துக்கற வேலை), பகல் முழுக்க போஸ்ட்கிரெஸ்தான் (கோடை எல்லாரும் பார்த்து திருத்தம் அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்). சில மாசம் முன்னாடி அந்த ப்ராஜெக்டுக்கே சின்னதா ஒரு பேட்ச் (ப்ரோக்ராம் கோட்ல பண்ற திருத்தம்) எழுதி அனுப்பியிருக்காங்க. பிஎஸ்க்யூஎல்-ல (போஸ்ட்கிரெஸுக்கு கமாண்ட் அடிக்கற கருவி) டேப் தட்டினா கமாண்டை முடிச்சு குடுக்கும்ல, அதுல விட்டுப்போன ஒரு ஆப்ஷனை சேர்க்கறது, மொத்தமே பன்னெண்டு வரி. மூணு மாசமா அது "நீட்ஸ் ரிவ்யூ"ன்னே (யாராவது சரிபார்க்கணும்னு) நிக்குது, ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. அப்புறம்தான் தெரிஞ்சுருக்கு, அங்க பேட்ச் குடுக்கறவங்க இன்னொருத்தர் பேட்சை ரிவ்யூ பண்ணணும்னு ஒரு எதிர்பார்ப்பு உண்டுன்னு. சரின்னு க்வெரி ப்ளானர் (கேட்ட கேள்விக்கு எந்த வழியில பதில் தேடலாம்னு முடிவு பண்ற பகுதி) பக்கம் ஒரு பேட்சை எடுத்து வீட்டு லேப்டாப்ல பில்ட் பண்ணி ஓட்டியிருக்காங்க. வேகம் சூப்பர், ஆனா ஒரு இடத்துல மட்டும் பழைய வெர்ஷன் குடுக்கற பதிலும் இது குடுக்கற பதிலும் வேற வேறயா வருது. எழுதினவரோ பல வருஷமா அந்த ப்ராஜெக்ட்ல இருக்கறவர்.

அவங்க கேட்கறது: "எனக்கு சி மொழி காலேஜ்ல படிச்சதோட சரி. அவருக்கு தெரியாததா எனக்கு தெரிஞ்சிடப் போகுது? டீம் லீட் அண்ணாகிட்ட கேட்டா, ‘உனக்கெதுக்கு வம்பு, எல்ஜிடிஎம் (பார்த்தேன், நல்லா இருக்கு) போட்டுட்டு வா, அதுவும் ரிவ்யூ கணக்குலதான் வரும்'னு சொல்றார். கூட வேலை பார்க்கற நாலு பேர் என் பேட்சுக்கு ப்ளஸ் ஒன் (எனக்கும் சம்மதம்) போடறேங்கறாங்க, செய்யலாமா? நான் ஓகே சொன்ன கோட்ல பின்னாடி பிரச்சனை வந்தா என் மேல கேஸ் வருமா? ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன ஆகும்?" கூடவே நடுவுல, ரொம்ப சாதாரணமா, ஒரு வரி: டெஸ்ட் பண்ண க்ளையன்ட்டோட ஆர்டர் டேபிள் டம்ப்பை (முழு காப்பியை) வீட்டு லேப்டாப்ல ரீஸ்டோர் பண்ணிக்கிட்டாங்களாம்.

வக்கீலாகறதுக்கு முன்னாடி எட்டு வருஷம் நானும் ராத்திரி மூணு மணிக்கு போன் வந்து எழுந்திரிச்ச டிபிஏதான், அதனால இந்த கடிதத்தை ரெண்டு மூளையாலயும் படிச்சேன். டிபிஏ மூளைக்கு சந்தோஷம். வக்கீல் மூளைக்கு அந்த கடைசி வரியில பகீர்னுச்சு. அதனால அதையே முதல்ல பேசிடலாம்.

அந்த டம்ப்

நீங்க பயப்படறது ரிவ்யூ பண்றதுக்கு, பயப்பட வேண்டியது இதுக்கு. க்ளையன்ட் டேட்டாவை அனுமதி இல்லாம காப்பி எடுத்து சொந்த மெஷின்ல வைக்கறது 2000-ம் வருஷத்து ஐடி சட்டத்துல 43-வது பிரிவுக்குள்ள வர்ற விஷயம், நஷ்டஈடு கேட்கலாம். அதையே ஏமாத்தற நோக்கத்தோட செஞ்சா 66-வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லைங்கறது எனக்கு தெரியுது, ஆனா வேலை போறதுக்கு நோக்கம் தேவையில்ல, உங்க கம்பெனிக்கும் க்ளையன்ட்டுக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்தத்துல ஒரு வரி போதும். அந்த டேபிள்ல மனுஷங்க பேர், போன் நம்பர் இருந்துச்சுன்னா 2023-ல வந்த தனிநபர் டேட்டா சட்டமும் கம்பெனி தலை மேல இருக்கு.

இதுவரைக்கும் நீங்க வெளிய எதுவும் போடலன்னு எழுதியிருக்கீங்க, அது பெரிய நிம்மதி. அந்த டேட்டாவை இனி தொடாதீங்க, பென் டிரைவ், கூகுள் ட்ரைவ்னு வேற எங்கயும் நகர்த்தாதீங்க, கம்பெனியோட டேட்டா பாலிசியை எடுத்து இந்த மாதிரி நடந்தா யார்கிட்ட சொல்லணும்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா எழுத்துல சொல்லிட்டு அவங்க சொல்றபடி அழிங்க. சத்தமில்லாம அழிச்சிட்டு உட்காரலாம்னு தோணும், எனக்கும் தோணியிருக்கும், ஆனா பின்னாடி லாக்ல தெரிய வந்தா அழிச்சதையே தப்பா பேசுவாங்க. சொல்ல பயமா இருந்தா அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் பாலிசியையும் எடுத்துக்கிட்டு பக்கத்துல ஒரு வக்கீலை முதல்ல பாருங்க, நான் தூரத்துலேருந்து பேப்பர் பார்க்காம சொல்றதுக்கு ஒரு எல்லை இருக்கு.

அந்த டேட்டா உங்களுக்கு தேவையே இல்லைங்கறதுதான் இதுல கொடுமை. ஜெனரேட் சீரீஸ் (வரிசையா நம்பர் உருவாக்கற ஃபங்ஷன்) வச்சு பத்து லட்சம் வரி பொய் டேட்டா ஒரு நிமிஷத்துல பண்ணிக்கலாம். ரிவ்யூ மெயில்ல எக்ஸ்ப்ளெய்ன் ப்ளான் (க்வெரி எப்படி ஓடுதுன்னு காட்டற அறிக்கை) ஒட்டும்போதும் இதே ஜாக்கிரதை வேணும், டேபிள் பேர், காலம் (நெடுவரிசை) பேர்லயே க்ளையன்ட் யாருன்னு சில நேரம் தெரிஞ்சிடும். ரிவ்யூ எல்லாம் பொது மெயில் லிஸ்ட்ல நடக்குது, அங்க ஆர்க்கைவ்ல ஏறினது ஏறினதுதான், 1990கள்ல யாரோ கோவமா எழுதின மெயிலைக்கூட இன்னிக்கு காபி குடிச்சிக்கிட்டே படிக்கலாம்.

"அவருக்கு தெரியாததா?"

தெரியாம இருக்கலாம். தெரிஞ்சே மறந்திருக்கலாம். இதுல மரியாதைக்குறைவுன்னு எதுவுமே இல்ல, ஒருத்தர் தன் பேட்சை கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னாடி வைக்கறதே ‘என் கண்ணுக்கு படாதது உங்க கண்ணுக்கு படுதா பாருங்க'ங்கறதுக்குத்தான்.

நீங்க பார்த்த பேட்ச்ல நடந்ததை அப்படியே சொன்னா ஆளு தெரிஞ்சிடும், அதனால அதே மாதிரி வேற ஒரு உதாரணம் எடுத்துக்கறேன். ஆர்டர் டேபிள்ல மூணு வரி, கஸ்டமர் நம்பர் 1, 2, 3. இன்னொரு டேபிள்ல தடை பண்ணின கஸ்டமர் லிஸ்ட், அதுல ரெண்டு வரி, ஒண்ணு 2, இன்னொண்ணு நல். (நம்மூர் நல்லது கெட்டது நல் இல்ல, காலியா விட்ட நல்.) இப்ப ‘தடை லிஸ்ட்ல இல்லாத ஆர்டர்லாம் குடு'ன்னு நாட் இன் போட்டு கேட்டா எத்தனை வரி வரும்? பார்க்கறவங்க எல்லாம் 1, 3 ரெண்டு வரிம்பாங்க. போஸ்ட்கிரெஸ் ஒரு வரி கூட குடுக்காது, பூஜ்யம். ஏன்னா 1-ம் நல்லும் சமமா இல்லையான்னு கேட்டா எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேட்கற மொழி) ‘தெரியாது'ங்கும், தெரியாததை ‘இல்லை'ன்னு எடுத்துக்க முடியாது, அதனால வரி வெளிய வராது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு கேட்டா அதே டேபிள்லேருந்து ரெண்டு வரி வரும். இப்ப ஒருத்தர் நாட் இன் க்வெரியை எல்லாம் உள்ளுக்குள்ள ஆன்ட்டி ஜாயினா (இன்னொரு டேபிள்ல ஜோடி இல்லாத வரியை மட்டும் எடுக்கற வழியா) மாத்தி வேகமாக்கறேன்னு பேட்ச் எழுதறார்னு வைங்க. ரெண்டு டேபிள் காலம்லயும் நல் வரவே வராதுன்னு உறுதி பண்ணிட்டு மாத்தினா ஜோரான பேட்ச். உறுதி பண்ணாம மாத்தினா நாப்பது செகண்ட் ஓடினது ஒரு செகண்ட்ல முடியும், பதில் மட்டும் தப்பா இருக்கும். இன்னும் மோசம் என்னன்னா, பார்க்கறவனுக்கு அந்த தப்பு பதில்தான் சரின்னு தோணும்! இதைக் கண்டுபிடிக்க சி மொழி வேணுமா சொல்லுங்க. நல் போட்ட டேபிளோட ஏழு வருஷம் மல்லுக்கட்டின டிபிஏ வேணும். நீங்க.

அனுபவஸ்தங்க தப்பு பண்ண மாட்டாங்கங்கற நினைப்பை அந்த ப்ராஜெக்டோட வரலாறே உடைக்கும். மெர்ஜ் கமாண்டை 2018-ல வெர்ஷன் 11-க்காக உள்ள சேர்த்து, சில நாள்லயே வெளிய எடுத்துட்டாங்க, அது திரும்ப வந்தது 2022-ல வெர்ஷன் 15-ல. அதே 15-ல போக வேண்டிய எஸ்க்யூஎல் ஜேசன் வேலைகளை ரிலீஸுக்கு கொஞ்சம் முன்னாடி பிடுங்கினாங்க, அதுல ஜேசன் டேபிள் 2024-ல 17-லதான் வந்துச்சு. அதுக்கெல்லாம் பின்னாடி இருந்தவங்க கத்துக்குட்டிங்க கிடையாது. உள்ள போனதுக்கு அப்புறம் பிடுங்கறது எவ்ளோ வலின்னு அவங்களுக்கு தெரியும், அதனால முன்னாடியே யாராவது சொன்னா கோவப்பட மாட்டாங்க, கோவப்பட்டாலும் அன்னிக்கு சாயங்காலத்தோட போயிடும்.

எல்ஜிடிஎம் போட்டுட்டு வரலாமா

வேணாம். உங்க டீம் லீட் ஆபீஸ் பழக்கத்துல சொல்றார், அங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்ரூவ் பட்டனை தட்டினா வேலை முடிஞ்சுது. இங்க ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச்னு வருஷத்துக்கு அஞ்சு தடவை ஒரு மாசம் கமிட்ஃபெஸ்ட் (வரிசையில இருக்கற பேட்சை எல்லாரும் சேர்ந்து பார்க்கற காலம்) நடக்குது, நூத்துக்கணக்குல பேட்ச் வரிசையில நிக்குது, கோடை உள்ள சேர்க்கற உரிமை இருக்கறது சுமார் முப்பது பேருக்கு. அந்த முப்பது பேரும் எதை முதல்ல திறக்கலாம்னு பார்க்கறது யாரோ உண்மையா ஓட்டிப் பார்த்த பேட்சைத்தான். நீங்க பார்க்காமலே ‘ரெடி ஃபார் கமிட்டர்'னு (உள்ள சேர்க்கற உரிமை இருக்கற கமிட்டர் பார்க்கலாம்னு) மாத்தி வச்சா, அவர் திறந்து பத்து நிமிஷத்துல அந்த தப்பை பிடிப்பார், மேல பார்த்தா உங்க பேர் இருக்கும். அதுவும் தப்பு இருக்குன்னு தெரிஞ்சே நல்லா இருக்குன்னு எழுதறது... அது சோம்பேறித்தனம் கூட இல்ல, பொய்.

நாலு பேர் ப்ளஸ் ஒன் விஷயமும் அப்படித்தான். ‘எனக்கும் இது வேணும், நான் தினம் இந்த ஆப்ஷனை கையால அடிக்கறேன்'னு ஒருத்தர் நிஜமாவே வந்து சொன்னா அது தகவல். நீங்க சொல்லிக் குடுத்து நாலு பேர் ஒரே வாரத்துல வந்து நின்னா அது கூட்டம். கூட்டத்தைப் பார்த்தா இப்ப ஓப்பன் சோர்ஸ்ல எல்லாருக்கும் வயிறு கலங்கும், காரணம் எக்ஸ்இசட். 2022-ல அந்த கம்ப்ரெஷன் லைப்ரரியை தனியா பார்த்துக்கிட்டு இருந்தவரை, யாருன்னே தெரியாத சில பேர் வந்து ஏன் பேட்ச் சேர்க்க இவ்ளோ லேட், வேற ஆளை போடுன்னு நச்சரிச்சாங்க. அப்படி உள்ள வந்த புது ஆள் கடைசியில பின்வாசல் வச்சது 2024 மார்ச் 29-ம் தேதி வெளிய வந்துச்சு. கண்டுபிடிச்சது யாருன்னு பார்த்தீங்கன்னா, ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். ஏதோ அளந்து பார்த்துக்கிட்டு இருந்தப்ப எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷினுக்குள்ள நுழையறது) லாகின் அரை செகண்ட் கூட எடுக்குதேன்னு விடாம தோண்டினார். அந்த வீட்டுக்காரங்ககிட்ட போய் கூட்டம் சேர்க்காதீங்க.

ஏஐ-கிட்ட பேட்சை குடுத்து ரிவ்யூ எழுத வச்சு ஒட்டறதும் வேணாம். புரியாத சி ஃபங்ஷன் என்ன பண்ணுதுன்னு கேட்டுக்கங்க, தப்பில்ல. ஆனா மெயில்ல போறது நீங்க ஓட்டினது, நீங்க கண்ணால பார்த்தது மட்டும்.

சரி, என்ன எழுதறது

எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை பாக்கி. பேட்ச் போடாத லேட்டஸ்ட் கோட்ல அதே க்வெரியை ஓட்டுங்க. அங்க சரியா வந்து பேட்ச் போட்டா மட்டும் தப்பா வந்தா தைரியமா எல்லாருக்கும் தெரியற மாதிரியே எழுதலாம், இன்னும் ரிலீஸ் ஆகாத கோடு. ஒருவேளை பேட்ச் இல்லாமலே சர்வர் க்ராஷ் ஆகுது, வேற யாரோட டேட்டாவோ எட்டிப் பார்க்குதுன்னு இருந்தா நிறுத்துங்க, அது ஏற்கனவே ஊர் முழுக்க ஓடிக்கிட்டு இருக்கற வெர்ஷன்லயும் இருக்கற ஓட்டையா இருக்கலாம், அதுக்கு அவங்க செக்யூரிட்டி டீமுக்குன்னு தனி மெயில் முகவரி இருக்கு, அங்க மட்டும்தான் போகணும்.

மெயில்ல மன்னிப்புல ஆரம்பிக்காதீங்க. "நான் புதுசு, தப்பா இருந்தா மன்னிக்கவும்"னு நம்ம ஆளுங்க மூணு வரி எழுதுவோம், படிக்கறவங்களுக்கு விஷயம் நாலாவது வரியிலதான் கிடைக்கும். எந்த கமிட் (கோடோட எந்த நிலை) மேல பேட்சை போட்டேன், சுத்தமா அப்ளை ஆச்சு, கேஸ்ஸர்ட் (உள் சரிபார்ப்புகள்) ஆன் பண்ணி பில்ட் பண்ணினேன், மேக் செக்-வேர்ல்ட் (ப்ராஜெக்டோட எல்லா டெஸ்ட்டும்) பாஸ் ஆச்சு, ஆனா இந்த அஞ்சு வரி எஸ்க்யூஎல் ஓட்டினா பேட்ச் இல்லாம பூஜ்யம் வரி, பேட்சோட ரெண்டு வரி வருது, இது வேணும்னே மாத்தினதா? இவ்ளோதான். கடைசில கேள்வியா முடிக்கறது பயத்துக்காக இல்ல, சில நேரம் நிஜமாவே வேணும்னே மாத்தியிருப்பாங்க. அப்படின்னா டாக்குமென்டேஷன்ல அது இருக்கான்னு அடுத்து கேட்கலாம்.

வேகம் அளந்ததையும் சேர்த்து எழுதப் போறீங்கன்னா, கேஸ்ஸர்ட் ஆன் பண்ணின பில்ட்ல அளந்த நம்பரை போடாதீங்க, அது சோதனைக்காக கூடுதல் சரிபார்ப்புகளோட மெதுவா ஓடற பில்ட், பார்த்ததும் அந்த நம்பரை ஒதுக்கிடுவாங்க. இன்னொரு சின்ன கண்ணி: உங்க டெஸ்ட் ஸ்கிரிப்டை டாட் பேட்ச்னோ டாட் டிஃப்னோ பேர் வச்சு அட்டாச் பண்ணாதீங்க. அங்க சிஎஃப்பாட்னு ஒரு ரோபோ இருக்கு, கடைசியா வந்த மெயில்ல பேட்ச் ஃபைல் பார்த்தா அதுதான் புது வெர்ஷன்னு நினைச்சு எடுத்து ஓட்டும், ஒரிஜினல் பேட்ச் இல்லாம எல்லாம் சிவப்பாகி நிக்கும், எழுதினவர் குழம்பிப் போவார். டாட் டிஎக்ஸ்டின்னு வைங்க. மெயில் போனதும் ஸ்டேட்டஸை ‘வெயிட்டிங் ஆன் ஆத்தர்'னு (எழுதினவர் பதில் சொல்லணும்னு) மாத்திடுங்க.

கேஸ், காப்பிரைட், ஆபீஸ்

ரிவ்யூ பண்ணினதுக்காக உங்க மேல கேஸ் வருமான்னா, நடைமுறையில வராது. போஸ்ட்கிரெஸ் லைசென்ஸே ‘இருக்கறபடி தர்றோம், எந்த உத்தரவாதமும் இல்ல'ன்னு எழுதி வச்ச லைசென்ஸ். அதுல இன்னிக்கும் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி பேரும் இருக்கும், 1986-ல பெர்க்லியில ஆரம்பிச்ச ப்ராஜெக்ட்ங்கறதால. உங்களோட கடமை நேர்மையா எழுதறது, அதோட முடிஞ்சுது.

அங்க காப்பிரைட் எழுதிக் குடுக்கற ஒப்பந்தம் எதுவும் கேட்க மாட்டாங்க. மைஎஸ்க்யூஎல்-னா ஆரக்கிளோட ஒப்பந்தத்துல கையெழுத்து போடணும், இங்க கிடையாது, அனுப்பின பேட்ச் அதே லைசென்ஸ்ல போகுது, உரிமை உரிமையாளர்கிட்டயே இருக்கும். கேள்வியே அந்த உரிமையாளர் யாருங்கறதுதான். நீங்க சொந்த லேப்டாப்ல சனி ஞாயிறுல எழுதினது, அதனால உங்களோடதுன்னு எழுதியிருக்கீங்க. அவ்ளோ சுலபம் இல்லைங்க. 1957-ம் வருஷத்து காப்பிரைட் சட்டம் 17-வது பிரிவு (சி) என்ன சொல்லுதுன்னா, சம்பளத்துக்கு வேலை பார்க்கறவர் அந்த வேலையோட பகுதியா உருவாக்கினதுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, முதலாளிதான் முதல் உரிமையாளர். கோடும் இதுல அடக்கம். லேப்டாப் யாரோடது, கிழமை எதுங்கறது ஒரு சாட்சி மட்டும்தான். ஒரு அக்கவுன்டன்ட் ஞாயித்துக்கிழமை போஸ்ட்கிரெஸ் பேட்ச் எழுதினா கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு வாதாடலாம், நீங்க பகல்ல பார்க்கறதே போஸ்ட்கிரெஸ், எல்லைக்கோடு கொஞ்சம் மங்கலா இருக்கு. அதுக்கு மேல அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல ‘வேலையில இருக்கற காலத்துல உருவாக்கற எல்லாமே'ன்னு ஒரு வரி போட்டிருந்தா இன்னும் சிக்கல்.

மூணு வழி தெரியுது. பேசாம இப்படியே போறது: பன்னெண்டு வரி டேப் பேட்சுக்கு யாரும் வரப் போறதில்ல, உண்மைதான், ஆனா நாளைக்கு பெருசா ஏதாவது எழுதினா இதே கேள்வி பெருசா வரும், அப்ப ப்ராஜெக்டுக்கும் தலைவலி. பேட்ச் எழுதறதை விட்டுட்டு ரிவ்யூ மட்டும் பண்றது: கோடு குடுக்கறதில்லைங்கறதால காப்பிரைட் தொல்லை ரொம்ப கம்மி, ஆனா வெளி வேலை பண்ணக்கூடாதுன்னு பாலிசி இருந்தா அதை படிச்சிக்கணும். மூணாவது, மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் ஒரு மெயில்: என் நேரத்துல, என் மெஷின்ல, கம்பெனி க்ளையன்ட் தகவல் எதுவும் இல்லாம போஸ்ட்கிரெஸ் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு கோடும் ரிவ்யூவும் பண்ண விரும்பறேன், ஆட்சேபணை இல்லைன்னு எழுத்துல குடுங்க. நான் மூணாவதைத்தான் சொல்வேன். வாய்ல "பண்ணிக்கோம்மா"ன்னு சொன்னது போதாது, அந்த மேனேஜர் அடுத்த மாசம் வேற கம்பெனிக்கு போயிடுவார். டம்ப் விஷயத்தை தீர்த்துட்டு இந்த மெயிலை போடுங்க, அதே மெயில்ல ரெண்டையும் கலக்காதீங்க.

உங்க பன்னெண்டு வரி

மூணு மாசம் பதில் இல்லாதது உங்களை ஒதுக்கறதுன்னு எழுதியிருந்தீங்க, பொண்ணுங்கறதாலயா, இந்தியாவுலேருந்துங்கறதாலயான்னு. எல்லா இடத்துலயும் அந்த அழுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அங்க அனுபவஸ்தங்க பேட்சே மாசக்கணக்குல, சிலது வருஷக்கணக்குல நிக்குது, அதனால இதை வச்சு மட்டும் அந்த முடிவுக்கு வர வேணாம். ஏப்ரல்ல புது அம்சங்களுக்கு கதவை சாத்தற நேரம் நெருங்கினா சின்ன பேட்சை திரும்பிப் பார்க்க யாருக்கும் மூச்சு இருக்காது. இந்த ரிவ்யூவை நல்லா எழுதுங்க, அந்த பேட்ச் உள்ள போறப்ப கமிட் மெசேஜ்ல ‘ரிவ்யூட் பை'ன்னு பேர் வரும், ரிலீஸ் நோட்ஸ் கடைசியில இருக்கற பெயர் வரிசையிலயும் வரும், அதை இன்டர்வியூல காட்டலாம், யாரும் மறுக்க முடியாது. அப்புறம் ஒரு தடவை, ஒரே தடவை, உங்க பேட்ச் மெயில்லயே பணிவா ஞாபகப்படுத்துங்க.

அதுக்கு முன்னாடி சிஎஃப்பாட் பக்கத்துல உங்க பேட்ச் இன்னும் அப்ளை ஆகுதான்னு பாருங்க. அந்த டேப் ஃபைல்ல ஆளாளுக்கு கை வைப்பாங்க, மூணு மாசத்துல அனேகமா எங்கயாவது முட்டியிருக்கும். முட்டியிருந்தா ரீபேஸ் பண்ணி (இப்ப இருக்கற கோட் மேல பொருத்தி) வி2-ன்னு பேர் போட்டு அனுப்புங்க.